நீரால் ஆன வெற்றித்தூண்

கங்கைகொண்ட சோழபுரம் என்றவுடன் மலேசியத் தமிழ் மாணவர்களாகிய நமக்குக் கடாரம்தான் நினைவுக்கு வரும். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் அந்தக் கதையைச் சொன்னபோது நானும் நெஞ்சை நிமிர்த்தி அமர்ந்தவன்தான். கடாரம் என்பது நம் நாட்டுக் கெடா ஆயிற்றே, நாம் வென்றவர் பக்கமா, தோற்றவர் பக்கமா என்ற கேள்வி அன்று எழவில்லை.

1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றி நாம் நிறையவே பேசிவிட்டோம். படை அனுப்பிய முதலாம் இராஜேந்திர சோழன் எழுப்பிய தலைநகரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்று அது தமிழகத்தின் அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டம் என்னும் சிறு நகருக்கு அருகே உள்ள ஒரு சிற்றூர். சுற்றிலும் நெல்வயல்கள், முந்திரித் தோப்புகள். ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் ஆண்ட இடத்தில் நிமிர்ந்து நிற்பது சிவன் கோயில் மட்டுமே. அரண்மனை இருந்த மாளிகைமேட்டைத் தோண்டினால் செங்கல் அடித்தளங்களும் கூரை ஓடுகளும்தான் கிடைக்கின்றன.

என்னைக் கவர்ந்தது ஏரி. கங்கைவரை சென்று வென்றதன் நினைவாக மன்னன் சோழகங்கம் என்ற பேரேரியை வெட்டினான். நீரால் ஆன வெற்றித்தூண் என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கல்லில் நட்டிருந்தால் உழவருக்கு என்ன பயன்! பொன்னேரி என்று இன்று அழைக்கப்படும் அந்த ஏரி பிற்காலத்தில் தூர்ந்து போனது.

கோயிலையும் காலம் மட்டும் சிதைக்கவில்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, ஆங்கிலேய அரசு கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்துக் கற்களைக் கொண்டு போயிற்று. தடுக்க முயன்ற ஊர்மக்கள் தண்டிக்கப்பட்டனர். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போயிற்று.

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால், கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வீராணம் ஏரிக்குப் போகிறது. அதுவும் பராந்தக சோழன் காலத்து ஏரியே. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து வயல்கள் அந்நீரில் விளைகின்றன. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் அங்கிருந்து செல்கிறது. கோயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதும் அதே ஆண்டில்தான்.

அப்படியானால் கல் எடுத்தது சரிதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒன்றை மற்றொன்றில் கழித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அணை வேண்டியதுதான். அதற்காக ஊர்மக்களைத் தண்டித்திருக்க வேண்டியதில்லை. சொன்னபடி அந்தச் செங்கல் மதிலையாவது கட்டிக் கொடுத்திருக்கலாம்.