2.4 கேபி-யில் ஒரு வைரஸ்

உங்க ஃபைனல் இயர் பிராஜெக்ட் ரிப்போர்ட்டின் அட்டையில் இருக்கிற காலேஜ் லோகோ எத்தனை கேபி இருக்கும்? எச்ஐவி வைரஸின் மரபுக் குறியீடு மொத்தமே சுமார் 9,700 எழுத்துகள்தான். நாலே வகை எழுத்து என்பதால் ஒவ்வொன்றுக்கும் 2 பிட் போதும். கணக்குப் போட்டா ஏறக்குறைய 2.4 கிலோபைட். லோகோவே அதைவிடப் பெரிசு!

அதற்குள் இருப்பவை 9 ஜீன்கள். நம்மிடம் புரதம் தயாரிக்கும் ஜீன்கள் கிட்டத்தட்ட 20,000. இத்தனூண்டு புரோகிராம் எப்படி இவ்வளவு பெரிய சிஸ்டத்தைக் கவிழ்க்குது? கோடிங் பண்றவங்க யூகிச்சிருப்பீங்க. எல்லாத்தையும் அது தானே எழுதிக்கல, நம்ம லைப்ரரியை கால் பண்ணுது.

செல்லை விட்டு வெளியேறும் கட்டத்தைப் பாருங்க. புது வைரஸ் செல்லின் சவ்வில் மொட்டு மாதிரி புடைச்சு நிற்கும், ஆனா அறுத்துக்கிட்டுப் போக அதனிடம் கத்தி கிடையாது. நம்ம செல்லில், தேவையில்லாத புரதங்களைச் சின்னப் பைகளில் அடைச்சு அழிக்க அனுப்பும் ஒரு குழு இருக்கு. அதில் டிஎஸ்ஜி101 என்று ஒரு புரதம். 'பி-எஸ்-ஏ-பி' என்ற அமினோ அமில வரிசையைக் காட்டும் நம்ம புரதத்தோடு அது ஒட்டிக்கும். வைரஸ் 'பி-டி-ஏ-பி' என்று கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு ஐடி கார்டைக் காட்டுது. அந்தக் குழு வந்து சவ்வை அறுத்துவிட, வைரஸ் வெளியே!

இப்படி எத்தனை கால்? டீபக் பண்ணும்போது ஒவ்வொரு ஃபங்ஷனா கமென்ட் அவுட் பண்ணிப் பார்ப்போமே, அதையே 2008-ல் ஹார்வர்டின் ஸ்டீபன் எலெட்ஜ் குழு மனித ஜீன்களில் செய்தது. 250-க்கும் மேற்பட்ட ஜீன்கள் எச்ஐவிக்கு உதவுவதாகக் கிடைத்தது. மற்ற குழுக்களின் பட்டியல்கள் இதோடு பெரிசா ஒத்துப்போகல, அதனால எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்காதீங்க.

மருந்து செய்பவர்களுக்கு இதில் ஒரு ஆசை வரும். வைரஸ் வேகமா மாறிக்கிட்டே இருக்கும், நம்ம ஜீன் அப்படி மாறாது. அப்போ நம்ம பக்கத்தையே அடைச்சிட்டா? பிரச்சினை என்னன்னா, அந்த லைப்ரரியை நாமும் யூஸ் பண்றோம். டிஎஸ்ஜி101-ஐ முடக்கினா நம்ம செல்லும் படுத்துடும்.

விதிவிலக்கு, நுழைவாசலில் இருக்கும் சிசிஆர்5. வைரஸ் முதலில் சிடி4-ஐப் பிடிக்கும், அப்புறம் பெரும்பாலும் இதைப் பிடிச்சுத்தான் உள்ளே வரும். இந்த ஜீனில் 32 எழுத்துகள் விடுபட்டுப் பிறந்தவர்கள் இருக்காங்க. இரண்டு பிரதியும் அப்படியிருக்கும் வட ஐரோப்பிய வம்சாவளியினர் சுமார் 1 சதவீதம். வெஸ்ட் நைல் காய்ச்சல் மட்டும் இவங்களுக்குக் கடுமையாகலாம், மற்றபடி நல்லாத்தான் இருக்காங்க. ரத்தப் புற்றுநோயும் எச்ஐவியும் இருந்த டிமோதி ரே பிரவுனுக்கு அப்படிப்பட்ட ஒருவரின் ஸ்டெம் செல்லை 2007-லும் 2008-லும் பெர்லினில் செலுத்தினார்கள். எச்ஐவி மருந்தை நிறுத்தியும், 2020-ல் புற்றுநோயால் இறக்கும் வரை அவருக்கு எச்ஐவி திரும்பல. ஆனா அந்தச் சிகிச்சையே உயிருக்கு ஆபத்தானது, எச்ஐவிக்காக மட்டும் யாருக்கும் செய்ய முடியாது.

மாத்திரையாக, சிசிஆர்5-ஐ மறைக்கும் மராவிராக் 2007-ல் வந்தது. ஆனா சில எச்ஐவி வகைகள் சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறு கதவு வழியா வரும். அதையும் பூட்டிடலாமேன்னு கேட்பீங்க. அந்த ஜீன் இல்லாத எலிக்குட்டிகள் பிறக்கும் முன்பே அல்லது பிறந்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போகுது. அதனாலதான் மராவிராக் எழுதும் முன், நோயாளியின் வைரஸ் எந்தக் கதவைத் தட்டுதுன்னு டாக்டர்கள் டெஸ்ட் எடுத்துப் பார்க்கிறாங்க.