ஒருவர்க்கு ஒரே வாக்கு

தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் உருவாக்கிய அழியா மை 1962 பொதுத் தேர்தல் முதல் நம் விரல்களில் இடப்பட்டு வருகிறது. மைசூரில் தயாராகும் இம்மையிலுள்ள வெள்ளி நைட்ரேட்டு ஒளிபட்டுக் கறுத்துத் தோலிலும் நகத்திலும் பற்றிக்கொள்ளும். நகம் வளர்ந்து நீங்கும்வரை சுவடு நிற்கும். எனவே ஒருவர் இருமுறை வாக்களித்தல் அரிது. ஆயின், விரலே தென்படாத இணைய வெளியில் மையை எங்கே இடுவது?

2019 நவம்பரில் இவ்வினா நம் நாட்டினர்க்கும் அணித்தாயிற்று. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே அவர்களின் ட்விட்டர்க் கணக்கு முடக்கப்பட்டதையொட்டி, இந்தியர் பலர் மாஸ்டடான் என்னும் வலையமைப்பை நாடினர். 2016இல் தொடங்கிய இது எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் இல்லை. தனித்தனி அஞ்சலகங்கள் தம்முள் கடிதம் மாற்றிக்கொள்வதுபோல, வெவ்வேறு சேவையகங்கள் ஒரு பொது நெறிப்படி செய்தி பரிமாறுகின்றன. ஒவ்வொன்றின் விதிகளும் அதனதன் பொறுப்பாளர் வகுப்பவை. சோசியல்.கோஆப் போன்ற சில மட்டும் உறுப்பினர் சந்தாவாலும் வாக்காலும் கூட்டுறவாக நடைபெறுகின்றன.

இங்கே ஓர் இடர். ஒருவரே நூறு கணக்குகள் திறக்கலாம். அடையாளத்தைச் சான்றளிக்கும் மைய அமைப்பு இல்லாதவிடத்து இம்மோசடியை முற்றிலும் தடுத்தல் நடைமுறையில் இயலாது என ஜான் டூசர் 2002இல் நிறுவினார். மையம் வேண்டாவென்று பிரிந்து வந்தோர்க்கே ஒரு மையம் தேவையாகிறது! சந்தா விதித்தால் போலிகள் குறையும், ஏழையரும் விலகுவர். பழைய உறுப்பினர் இருவர் புதியவர்க்குச் சான்று கூறும் முறையே சிறு குழுக்களுக்கு ஏற்றது என்பது எம் கருத்து.

உத்தரமேரூர்ச் சபையார் செய்ததும் ஏறத்தாழ இதுவே. முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதனை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று யாவரும் அறிய வாசித்தனர். முன்னர்ப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதோர் பெயர் குடத்தில் ஏறாது. நிலமும் வீடும் உடையவரே தகுதி பெற்றனர் என்பதையும் மறைத்தற்கில்லை. எனினும், குடும்பில் ஒருவரையொருவர் அறிந்திருந்தமையால் போலிப் பெயருக்கு இடமில்லை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்து காட்டலாம். மாணவர் 30 பேர். வாக்குகள் 16, 14 எனப் பிரிந்துள்ளன என்க. தோற்ற பக்கத்தார் மூவர் ஆளுக்கொரு சீட்டைக் கூடுதலாக இட்டால் 16க்கு 17 என முடிவு மாறும். பெட்டியிலுள்ள 33 சீட்டுகளை எண்ணியதுமே குட்டு வெளிப்படும். அடுத்து, வகுப்பில் எத்தனை பேர் என அறியாத ஒருவரை அழைத்து அதே பெட்டியை எண்ணச் சொல்லுக. அவர் ஐயமின்றி 17ஐயே வெற்றியென அறிவிப்பார்.