இடுப்போடு நிற்கும் ராணுவ ஜாக்கெட்: முதலில் எதை வாங்குவது?

பழைய ராணுவ உடுப்பு சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நீளக் கோட்டை விடுங்கள், இடுப்போடு முடியும் குட்டை ஜாக்கெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஓர் அலமாரித் தட்டில் அடங்கிவிடும். பதவிச் சின்னம், படைப்பிரிவுச் சின்னம், பதக்க ரிப்பன், பட்டன் என்று ஒரு சிப்பாயின் வாழ்க்கையைச் சொல்லும் அத்தனையும் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில்தான் இருக்கின்றன.

தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பரங்கிமலை–பல்லாவரம் கண்டோன்மென்ட் 1774-லிருந்து இருக்கிறது. விமானப் படையின் பயிற்றுநர் பள்ளி 1954-ல் அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. பரங்கிமலையில் 1963-ல் தொடங்கிய ஆபீசர்ஸ் டிரெயினிங் ஸ்கூல்தான் 1988-ல் அகாடமி ஆனது. சேலையூர், கேம்ப் ரோடு, மீனம்பாக்கம் பக்கம் ஓய்வு பெற்ற படைவீரர் குடும்பங்கள் நிறைய. டிரங்குப் பெட்டிகளில் இருந்தவை இப்போது ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அவற்றில் பல, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டிரங்க் ரோட்டோரத்துச் சாக்கு விரிப்பில் வந்து சேர்கின்றன.

கேள்வி, எதை எடுப்பது என்பதுதான். நம் ஊரில் கைக்கு எட்டக்கூடியவை ஐந்து வகை.

முன்கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டிஷ் படைகளும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையும் அணிந்த கோட்டுக்கு முன்பக்கம் இடுப்பளவு, பின்பக்கம் வால். அணிவகுப்பு இல்லாத வேளைகளில் வாலில்லாத ஷெல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார்கள். 1840-களில் அதிகாரிகள் அதையே கழுத்துப் பட்டனைத் திறந்துவிட்டு இரவு விருந்துக்கு அணிய ஆரம்பிக்க, மெஸ் ஜாக்கெட் பிறந்தது. போர்க்களத்துக்கென்றே வெட்டிய குட்டை ஜாக்கெட் வர இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று. 1930-களின் இறுதியில் பிரிட்டன் கொண்டுவந்த பாட்டில்டிரஸ்தான் அது.

ஐந்தில் முதலாவது இந்தப் பாட்டில்டிரஸ், சேகரிப்பாளருக்குப் பாடப்புத்தகம் போன்றது. காக்கிக் கம்பளி சர்ஜ் துணி, மார்பில் இரண்டு பெரிய பைகள், இடுப்பில் பக்கிள் வைத்த பட்டி. குனிந்தால் முதுகுப் பக்கம் பேன்ட்டிலிருந்து மேலேறிவிடும். அதனால் இரண்டையும் பட்டன் போட்டு இணைத்தார்கள். அப்படியும் பிரிந்து முதுகில் குளிர் அடித்தது. முதல் வடிவில் முன்பட்டன்கள் மடிப்புக்குள் மறைந்திருக்கும், பைகளில் சுருக்கு மடிப்பு இருக்கும். 1942-ல் துணியையும் உழைப்பையும் மிச்சப்படுத்த வந்த சிக்கன வடிவில் (லேபிளில் 1940 பேட்டர்ன் என்றே இருக்கும்) மடிப்பு போயிற்று, பட்டன்கள் வெளியே தெரிந்தன. போருக்குப் பிறகு வந்த 1946, 1949 வடிவங்களில் கழுத்து திறந்து, சட்டையும் டையும் தெரியும்படி ஆனது. ஒரு ஜாக்கெட்டைக் கையில் எடுத்ததுமே பட்டனையும் கழுத்தையும் பார்த்துக் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். தொடக்கக்காரருக்கு இந்த வசதியை வேறெந்த ஜாக்கெட்டும் தராது.

சென்னை வெயிலில் கம்பளி ஜாக்கெட் எப்படி வந்தது என்று கேட்கலாம். வந்த வழிதான் அதன் மதிப்பு. இத்தாலியப் போர்முனையில் 4, 8, 10-ஆம் இந்திய டிவிஷன்கள் போரிட்டன. மெட்ராஸ் சாப்பர்களும் அங்கே இருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நம் ராணுவமும் விமானப் படையும் வட இந்தியக் குளிருக்குப் பல ஆண்டுகள் இதே வடிவத்தை அணிந்தன. ஆக, தாம்பரத்தில் ஒரு வீட்டுப் பெட்டியில் பாட்டில்டிரஸ் கிடைத்தால், அந்த வீட்டு மனிதர் எங்கோ குளிரில் நின்றிருக்கிறார் என்று பொருள். எங்கே, எந்த வருடம் என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தவரை, வீட்டிலுள்ள பாட்டிக்குத்தான் அது சரியாக நினைவிருக்கும்.

இதில் பிரிட்டிஷ் காலத்ததா, குடியரசு காலத்ததா என்ற தேர்வு உண்டு. பலரும் உலகப் போர் ஜாக்கெட்டுக்கே பாய்கிறார்கள். விலையும் அதற்குத்தான். போலியும் அதில்தான் அதிகம். 1950-களின் ஆலிவ் பச்சை இந்திய ஜாக்கெட்டைப் போலி செய்ய இன்று யாரும் மெனக்கெடுவதில்லை, அதைத் தேடுகிறவர்களும் குறைவு. நான் அதன் பக்கம்.

இரண்டாவது, விமானப் படையின் நீலச் சாம்பல் குட்டை ஜாக்கெட். பிரிட்டிஷ் விமானப் படை முதலில் விமானத்தில் பறப்பவர்களுக்கு மட்டும் கொடுத்து, பிறகு எல்லோருக்கும் நீட்டித்தது. வெட்டு பாட்டில்டிரஸ்தான், நிறம் வேறு. இதன் காலத்தைச் சின்னத்தை வைத்தே பிரிக்கலாம். நம் விமானப் படைக்கு 1945 மார்ச்சில் சேர்ந்த ‘ராயல்’ அடைமொழி 1950 ஜனவரி 26-ல் நீங்கியது. அதற்கு முன் கிரீடம், பின் அசோகரின் சிங்கத் தலை. தாம்பரத்தில் இருந்துகொண்டு ஒரே ஒரு ஜாக்கெட்தான் வைக்க முடியும் என்றால், சிங்கத் தலைச் சின்னத்தோடு கூடிய இந்த நீல ஜாக்கெட் ஊருக்குப் பொருத்தமானது. கிடைப்பது பாட்டில்டிரஸை விட அரிது. காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பர்மாப் போர்முனைக்காக இந்தியாவில் தைத்த ஜங்கிள் கிரீன் பருத்தி ஜாக்கெட். கண்ணறைத் துணி, அதே குட்டை வெட்டு. அந்துப்பூச்சி தொடாது, நம் காற்றில் கம்பளியை விட நன்றாகத் தாங்கும். ஆனால் பர்மாவின் வியர்வையும் சேறும் இவற்றில் பெரும்பாலானதை அங்கேயே தின்றுவிட்டன. அசல் கண்ணில் பட்டால், கிழிசலோடு இருந்தாலும் வாங்குங்கள். கிழிசலைத் தைக்காதீர்கள்.

நான்காவது, எல்லோரும் ஆசைப்படும் அமெரிக்க ஐக் ஜாக்கெட். ஐசன்ஹோவர் பிரிட்டிஷ் பாட்டில்டிரஸைப் பார்த்து, அதைவிடக் கச்சிதமாகத் தன் படைக்கு ஒன்று வேண்டும் என்று விரும்பியதில் வந்தது. 1944 நவம்பரில் அமெரிக்க ராணுவம் முறைப்படி ஏற்றுக்கொண்டது. உடம்போடு ஒட்டிய வெட்டு, அழகு என்றால் அழகுதான். ஆனால் நம் ஊருக்கு அது தூரத்து உறவு. சீனா–பர்மா–இந்தியா போர்முனையில் இருந்த அமெரிக்கர்கள் பெரும்பாலும் வங்கத்திலும் அசாமிலும் இருந்தார்கள். ஐக் ஜாக்கெட்டை அவர்களில் பலர் ஊர் திரும்பிய பிறகே அணிந்தார்கள். அவர்கள் தோளில் குத்திக்கொண்ட கேடயச் சின்னத்தில் ஒருபுறம் சீனச் சூரியன், மறுபுறம் இந்திய நட்சத்திரம். அந்தச் சின்னங்களில் பல நம் நாட்டு ஜரிகைக் கைவேலை. அந்தச் சின்னத்தை மட்டும் தனியாகத் தேடுவது நல்ல யோசனை. ஆனால் இதே போன்ற ஜரிகைச் சின்னங்களை இன்றும் புதிதாகத் தைக்கிறார்கள். பழசு என்று சொல்லி விற்பவரிடம் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஐக் ஜாக்கெட்டைத் தருவிக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அணிந்த பழைய உடுப்புகள் நம் இறக்குமதி விதிகளில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. பார்சல் சுங்கத்தில் நின்றுவிடலாம். பணம் போய், ஜாக்கெட்டும் போன கதை நம் வட்டாரத்தில் உண்டு.

ஐந்தாவது, மெஸ் ஜாக்கெட். வெள்ளை நிறம், விருந்து இரவுகளுக்கானது, இன்றும் வழக்கில் இருப்பது. அதனாலேயே இதில் பழசையும் புதுசையும் பிரிப்பது கடினம். பரங்கிமலைத் தையற்காரர் நேற்று தைத்ததும் அறுபது வருடத்துக்கு முந்தையதும் தூரத்தில் ஒன்றுபோல இருக்கும். தையற்காரர் பெயர் போட்ட துணிப்பட்டி உள்ளே இருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

கையில் எடுத்த பிறகு என்ன பார்ப்பது?

கிரீடத்தைப் பாருங்கள். ராஜா காலத்துக் கிரீடத்தின் மேல்வளைவு உருண்டு எழும்பும். 1952-க்குப் பிறகு எலிசபெத் ராணிக்கு வந்த கிரீடத்தில் நடுவில் பள்ளம் விழும். இந்தியா 1950-லேயே குடியரசாகிவிட்டதால், பள்ளம் விழுந்த கிரீடம் இந்திய உடுப்பில் வர வழியே இல்லை. இருந்தால் யாரோ பிற்பாடு குத்தியது. தோள் நட்சத்திரமும் அப்படித்தான். பிரிட்டிஷ் காலத்து நட்சத்திரம் சிலுவை பொறித்த சதுர வடிவம், குடியரசு காலத்தது ஐந்து முனை. இரண்டும் ஒரே தோளில் கலந்திருந்தால் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

நூலைப் பாருங்கள். புற ஊதா டார்ச் அடித்தால் பிற்காலச் செயற்கை நூல் பளிச்சென்று ஒளிரும். ஆனால் இன்றைய சோப்புத் தூளில் துவைத்த பழைய துணியும் ஒளிரும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி, விற்பவரின் அனுமதியோடு எரித்துப் பாருங்கள். கம்பளி, முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும். செயற்கை இழை உருகி மணியாகச் சுருளும். கோடம்பாக்கத்தில் சினிமாவுக்குத் தைத்த உடுப்புகளும் சந்தையில் கலந்து வருகின்றன. இந்தச் சோதனை அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

லேபிளில் அளவு, தயாரித்த நிறுவனம், ஆண்டு இருக்கும். கனடாவில் தைத்ததில் ‘சி’ எழுத்துக்குள் அம்புக்குறி. லேபிள் மங்கியிருந்தால் பரவாயில்லை. ஜாக்கெட் பழசாகவும் லேபிள் மட்டும் புதிதாகவும் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நம் ஊர்க் காற்றுக்கு

கம்பளிக்கு எதிரி அந்துப்பூச்சி, எல்லாத் துணிக்கும் எதிரி ஐப்பசி கார்த்திகை ஈரம். சந்தையிலிருந்து வந்த கம்பளி ஜாக்கெட்டை நேராக அலமாரியில் வைக்கக் கூடாது. பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், முட்டையும் புழுவும் சாகும். பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்ட பிறகு பிரியுங்கள். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றிப் படுக்கையாக வைப்பது நல்லது. இரும்பு ஹேங்கர் தோளில் துரு இறக்கும். ரசகற்பூரத்தை பிளாஸ்டிக் பட்டன்மேல் படவிடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பதைப் பார்த்தவர்கள் நாம். தரைத்தளத்தில் கட்டிலுக்கடியில் சேகரிப்பை வைக்க வேண்டாம்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. வைத்திருப்பது குற்றமில்லை. படைவீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற நோக்கத்தோடு அணிவது பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவின்படி குற்றம், மூன்று மாதம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022-ல் வந்த ராணுவத்தின் புதிய போருடை சந்தையில் விற்பதற்கானதே அல்ல. யாராவது நீட்டினால் கையே வைக்காதீர்கள். நூறாண்டு தாண்டிய ஷெல் ஜாக்கெட் எங்காவது கிடைத்தால் அது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகலாம். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அப்படியொன்றுக்குச் சரியான இடம் சென்னைக் கோட்டை அருங்காட்சியகம்தான் என்பது என் கருத்து.

முடிவாக என் வரிசை இது: முதலில் குடியரசு காலத்துப் பாட்டில்டிரஸ். பொறுமை இருந்தால் விமானப் படை நீலம். அதிர்ஷ்டம் இருந்தால் பர்மா பருத்தி. மெஸ் ஜாக்கெட் பெயர்ப்பட்டி இருந்தால் மட்டும். ஐக் ஜாக்கெட் கடைசியில்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. குடும்பத்திடமிருந்து வாங்கும்போது சின்னத்தையும் ரிப்பனையும் தனியே கழற்றி விலை பேசாதீர்கள். அணிந்தவரின் பெயர், படை எண், பிரிவு, பணியாற்றிய ஊர்கள் இவற்றைக் குடும்பத்தாரிடம் கேட்டு, பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி, குத்தாமல் தைக்காமல் பையோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். உங்களிடமிருந்து வேறொருவருக்குப் போனால் அந்த நாடாவும் கூடவே போகட்டும்.