டப்ளின் நகரில் விடுதலைப் பாட்டுக் கேட்பது எப்படி?

டப்ளினில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்த்துவர நம் சங்கத்துப் பெற்றோர்கள் இப்போது அடிக்கடி அயர்லாந்து போய் வருகிறார்கள். கடற்கரை, தேவாலயம், கல்லூரி நூலகம் என்று எல்லாம் பார்க்கிறார்கள். அந்த ஊரின் பெரிய சொத்தாகிய பாட்டை மட்டும் கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "அதெல்லாம் பப்பில் அல்லவா பாடுகிறார்கள்? நமக்கு எதற்கு?" என்பதுதான் பதில்.

இந்தத் தயக்கம் நியாயமானதே. என்றாலும், அயர்லாந்தின் விடுதலைச் சரித்திரம் புத்தகங்களில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அந்தப் பாட்டுகளிலும் இருக்கிறது. அவற்றைக் குழந்தை குட்டிகளோடு, கௌரவமாக, ஒரு துளி மது அருந்தாமல் கேட்டுவர முடியும். இரண்டு முறை போய்வந்தவன் என்ற முறையிலும், ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

எழுச்சிப் பாடல் என்பது எது?

அயர்லாந்தில் 'ரெபல் சாங்' என்று ஒரு தனி வகையே உண்டு. ஆங்கில ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சிகளையும், அவற்றில் உயிர் கொடுத்தவர்களையும் பாடுவது அது. நாம் அதை எழுச்சிப் பாடல் என்று சொல்லலாம். இவற்றை மூன்று அடுக்குகளாகப் பிரித்து வைத்துக்கொண்டால் கேட்கும்போது குழப்பம் வராது.

முதல் அடுக்கு, 1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சி பற்றியது. அதை நேரில் கண்டவர்கள் எழுதியவை சில. பிற்காலத்தில் நினைவு கூர்ந்து எழுதியவையே அதிகம். ஜான் கீகன் கேஸி என்பவர் 1860களில் எழுதிய 'தி ரைசிங் ஆஃப் தி மூன்' அப்படிப்பட்டது. வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் கிளர்ச்சியை நடத்திய ஜான் மர்ஃபி என்ற பாதிரியாரைப் பற்றிய 'பூலவோக்' என்ற பாட்டு, நூற்றாண்டு நினைவாக 1898ல் எழுதப்பட்டது. 'தி நேஷன்' பத்திரிகையை 1842ல் தொடங்கியவர்களில் ஒருவரான தாமஸ் டேவிஸ் எழுதிய 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்' என்பதையும் இந்தப் பழைய வரிசையிலேயே சேர்க்கலாம். 'மீண்டும் ஒரு தேசமாக' என்பது அதன் பொருள். டேவிஸ் 1845ல், முப்பதே வயதில் காலமானார்.

இரண்டாம் அடுக்கு, 1916 முதல் 1921 வரையிலான காலம். 1916 ஏப்ரல் 24ஆம் தேதி, ஈஸ்டர் திங்களன்று, டப்ளின் தலைமைத் தபால் அலுவலகத்தைக் கைப்பற்றிக் குடியரசு அறிவித்தார்கள். ஆறு நாட்களில் அது அடக்கப்பட்டது. தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பேரரசின் போருக்காக அயல் மண்ணில் மாண்ட ஐரிஷ்காரர்களையும், டப்ளினில் மாண்டவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும் பாட்டு 'தி ஃபாகி டியூ'. 1920 நவம்பர் 1ஆம் தேதி மவுண்ட்ஜாய் சிறையில் தூக்கிலிடப்பட்ட மருத்துவக் கல்லூரி மாணவனைப் பற்றியது 'கெவின் பாரி'. அந்தப் பையனுக்கு வயது 18. பாட்டை எழுதியவர் யார் என்பது இன்றுவரை நிச்சயமில்லை. 'கிரேஸ்' என்ற பாட்டு 1985ல் எழுதப்பட்டது. ஆனால் அது சொல்லும் கதை 1916ஆம் ஆண்டினுடையது. ஜோசப் பிளங்கெட் சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, கில்மைனம் சிறைக்குள்ளேயே கிரேஸ் கிஃபர்டை மணந்தார். அந்தக் கல்யாணத்தின் பாட்டு அது.

மூன்றாம் அடுக்கு, வட அயர்லாந்தில் 1960களின் இறுதியிலிருந்து 1998 வரை நடந்த மோதல்களைப் பற்றியது. இதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டிய பகுதி இதுதான்.

ரயில்வேக்காரன் கண்ணில் பட்டவை

டப்ளினில் இறங்கியதுமே இந்தச் சரித்திரம் நம் முன்னால் பெயர்ப் பலகையாக நிற்கும். 1966ல், கிளர்ச்சியின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக, 15 ரயில் நிலையங்களுக்கு 1916ல் மரண தண்டனை பெற்றவர்களின் பெயரைச் சூட்டினார்கள். கானலி, பியர்ஸ், ஹூஸ்டன் ஆகிய மூன்றும் டப்ளினின் முக்கியமான நிலையங்கள். இவற்றில் ஹூஸ்டன் என்பவர் நம்மவர். அதாவது, ரயில்வே கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். 25 வயதில், 1916 மே 8ஆம் தேதி சுடப்பட்டார். அவர் வேலை பார்த்த கம்பெனியின் தலைமை நிலையமே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்னொரு செய்தி. 1920 மே மாதம் முதல் டிசம்பர் வரை, ஆயுதம் தாங்கிய பிரிட்டிஷ் துருப்புகளையும் வெடிமருந்தையும் ஏற்றிய வண்டிகளை ஓட்ட மாட்டோம் என்று ஐரிஷ் ரயில்வே தொழிலாளர்கள் மறுத்தார்கள். சிப்பாய்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தால் டிரைவர் இறங்கிவிடுவார், கார்டு இறங்கிவிடுவார். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பலருக்கு வேலை போயிற்று. துப்பாக்கி எடுக்காமல் ஒரு பேரரசின் போக்குவரத்தைத் திணற வைத்த இந்த நிகழ்ச்சியை, லைன் கிளியர் கொடுத்துப் பழகிய நம்மால் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். பாட்டுக் கேட்கப் போகுமுன் இவற்றைத் தெரிந்துகொண்டால், பாட்டில் வரும் பெயர்கள் வெறும் பெயர்களாக இருக்கமாட்டா.

எங்கே போவது?

லிஃபி ஆற்றின் தென்கரையில் டெம்பிள் பார் என்ற பகுதி இருக்கிறது. வெளியூர்க்காரர் எல்லோரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். அங்கே நாள் முழுவதும் மைக் வைத்துப் பாட்டு ஒலிக்கும். கூட்டம் அதிகம், விலையும் அதிகம். ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவுக்கு அருகே, மெரியன் ரோ என்ற தெருவில், ஓ'டோனஹூஸ் என்ற பப் உள்ளது. 'தி டப்ளினர்ஸ்' என்ற புகழ்பெற்ற குழு 1962ல் இங்கேதான் உருவாயிற்று. லூக் கெல்லி, ரானி ட்ரூ போன்றவர்கள் பாடிய இடம்.

ஆற்றின் வடகரையில் ஸ்மித்ஃபீல்ட் பகுதியில் காபிள்ஸ்டோன் என்ற பப் இருக்கிறது. லுவாஸ் என்னும் டிராம் வண்டியின் சிவப்புத் தடத்தில் ஸ்மித்ஃபீல்ட் நிறுத்தத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும். மரபு இசைக்காரர்கள் கூடும் இடம் என்று பெயர் பெற்றது. 2021ல் இந்த இடத்தில் ஒரு ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தது. இசைக்கு இருக்கும் இடத்தை எடுத்துவிட்டு இசையைப் பார்க்க வருபவர்களுக்கு அறை கட்டுவதா என்று கேட்டு, அந்த அக்டோபரில் டப்ளின் மக்கள் சவப்பெட்டி ஒன்றைச் சுமந்து ஊர்வலம் போனார்கள். நவம்பரில் மாநகர சபை அனுமதி மறுத்துவிட்டது.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'செஷன்' என்பது வேறு, 'பாலட் நைட்' என்பது வேறு. செஷனில் பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஃபிடில், புல்லாங்குழல், பாஞ்சோ, கான்செர்டினா, போரான் என்ற தோல் வாத்தியம், முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் இலன் பைப் ஆகியவற்றை வாசிப்பார்கள். பெரும்பாலும் வாத்திய இசைதான்; மேடை கிடையாது, மைக் கிடையாது. நடுவில் யாராவது பாடினால் உண்டு. பாலட் நைட்டில் ஒருவர் கிடாருடன் நின்று தொடர்ந்து பாடுவார், கூட்டமும் சேர்ந்துகொள்ளும். எழுச்சிப் பாடல் நிச்சயமாக வேண்டும் என்பவர்கள் இரண்டாவதைத் தேட வேண்டும். பகலிலேயே போய், "இன்று இரவு பாட்டு உண்டா? எத்தனை மணிக்கு?" என்று கவுன்டரில் கேட்டுவிடுவது நல்லது. நன்றாகப் பதில் சொல்வார்கள்.

நடந்துகொள்ளும் முறை

1. பப்பில் மது வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. தேநீர், காப்பி, பழரசம், சோடா எது வாங்கினாலும் மரியாதைதான். ஒன்றும் வாங்காமல் இடத்தைப் பிடித்து உட்காருவதுதான் தவறு.

2. பிள்ளைகளைப் பெற்றோருடன் அழைத்துப் போகலாம். ஆனால் 18 வயதுக்குட்பட்டவர்கள் இரவு 9 மணிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. எனவே குடும்பத்தோடு போகிறவர்கள் மாலை நேர இசையைத் தேர்ந்தெடுக்கவும். 2004 மார்ச் முதல் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை இருப்பதால் அந்தத் தொல்லை கிடையாது.

3. வாத்தியக்காரர்கள் மேசையில் காலி நாற்காலி தெரிந்தாலும் உட்காரக் கூடாது. அது வரப்போகும் இன்னொரு வித்வானுக்கு உரியது.

4. படம் பிடிக்குமுன் அனுமதி கேட்க வேண்டும்.

5. வாத்தியம் இல்லாமல் ஒருவர் தனிக் குரலில் பாடத் தொடங்கினால், பேச்சை உடனே நிறுத்த வேண்டும். நான் கேட்ட ஒரு மாலையில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் மூலையில் உட்கார்ந்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு 'கெவின் பாரி' பாடினார். கவுன்டரில் கண்ணாடிக் குவளை கழுவுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. முடிந்ததும் யாரும் விசில் அடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்தினார், அவ்வளவுதான்.

6. சில இடங்களில் இரவு முடிவில் தேசிய கீதம் வாசிப்பார்கள். எல்லோரும் எழுந்தால் நாமும் எழ வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

மூன்றாம் அடுக்குக்கு வருகிறேன். வட அயர்லாந்து மோதல்களில் 3,500 பேருக்கு மேல் இறந்தார்கள். 1998 ஏப்ரல் 10ஆம் தேதி பெரிய வெள்ளி ஒப்பந்தம் ஏற்பட்டது. இறந்தவர்களின் மனைவி மக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் உறவினர் இரு தரப்பிலும் உண்டு. அந்தக் காலத்து ஆயுதக் குழுக்களைப் புகழும் பாட்டை, ராகம் நன்றாக இருக்கிறது என்பதற்காக நாம் கைதட்டிப் பாடினால், அடுத்த மேசையில் இருப்பவருக்கு அது புண்ணில் கோல் விட்டதாக இருக்கலாம்.

இது கற்பனை அல்ல. 2022 அக்டோபரில் அயர்லாந்து மகளிர் கால்பந்து அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற மகிழ்ச்சியில், உடை மாற்றும் அறையில் அப்படிப்பட்ட ஒரு பாட்டின் வரியைப் பாடிவிட்டார்கள். பெரிய சர்ச்சை எழுந்தது. அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் 20,000 யூரோ அபராதமும் விதித்தது. அந்த நாட்டுப் பெண்களுக்கே இந்தக் கதி என்றால் விருந்தாளிகள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

ஆகவே நாமாக ஒரு பாட்டைக் கேட்டுப் பாடச் சொல்வதானால் முதல் இரண்டு அடுக்குகளிலிருந்து கேட்போம். மூன்றாவதை அவர்களாகப் பாடினால் கேட்டுத் தெரிந்துகொள்வோம். எல்லை தாண்டி பெல்ஃபாஸ்ட் நகருக்குப் போனால், எந்தப் பாட்டையும் நாமாகக் கேட்காமல் இருப்பதே உத்தமம்.

நமக்கும் அதற்கும்

பஞ்சாபில் ஜலந்தர் பாசறையில் 1920 ஜூன் 28ஆம் தேதி, கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவின் சிப்பாய்கள், தம் நாட்டில் பிரிட்டிஷ் படை செய்யும் கொடுமைகளைக் கேள்விப்பட்டு ஆயுதம் தாங்க மறுத்தார்கள். அது சோலனுக்கும் பரவியது. ஜேம்ஸ் டேலி என்ற இளைஞர், கெவின் பாரி தூக்கிலிடப்பட்டதற்கு மறுநாள், நவம்பர் 2ஆம் தேதி, டக்‌ஷாய் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எலும்புகள் 1970ல்தான் தாயகம் சேர்ந்தன. கால்கா–சிம்லா சிறிய ரயிலில் போகும் அன்பர்கள் குமார்ஹட்டி டக்‌ஷாய் நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். அடுத்த முறை இறங்கி அந்தச் சிறையையும் பார்த்துவரலாம். இப்போது அது அருங்காட்சியகம்.

நம் முன்னாள் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி 1913ல் சட்டம் படிக்க டப்ளின் போய், 1916ல் திரும்பி வந்து, பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் தொழிற்சங்கம் வளர்த்தவர். மகாகவி பாரதியார் தமது 'ஸ்வதேச கீதங்கள்' நூலைக் காணிக்கையாக்கிய நிவேதிதா தேவி, 1867ல் அயர்லாந்தின் டங்கனன் என்ற ஊரில் பிறந்தவர். 2002ல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகின் முதல் பாட்டாக வந்தது உல்ஃப் டோன்ஸ் குழு பாடிய 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்'. இரண்டாவது வந்தே மாதரம். நான்காவதாக நம் இளையராஜாவின் 'ராக்கம்மா கையத் தட்டு' வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. ஐரிஷ்காரர்களிடம் 'நோபிள் கால்' என்று ஒரு வழக்கம் உண்டு. பாடி முடித்தவர் அடுத்துப் பாட வேண்டியவரைப் பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்டவர் குரல் நன்றாக இல்லை என்று நழுவ முடியாது. ஒரு பாட்டோ கவிதையோ சொல்லியே ஆக வேண்டும். நூறு ஆண்டுப் பாட்டுகள் அங்கே மனப்பாடமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் பாரதி விழாவில் மேடையில் நாலு பேர் பாட, மற்றவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறோம். வரும் மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் இந்த முறையைச் செய்து பார்த்தால் என்ன? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை பாட்டு முழுதாகத் தெரியும் என்பது அப்போது நமக்கே தெரிந்துவிடும்.