மண்ணும் கலைக் கல்லூரியும்

‘கலைக் கல்லூரி’ என்னும் பெயரில் உள்ள ‘கலை’ எது என்று நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கே ஓவியமும் நாட்டியமும் சொல்லித் தருகிறார்கள் என்றே என் பாட்டியார் நெடுநாள் நம்பியிருந்தார்! பழைய ஐரோப்பாவில் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை, கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய ஏழையும் ‘சுதந்திர மனிதனுக்குரிய கலைகள்’ என்னும் பொருள்பட இலத்தீனில் அழைத்தனர். அடிமைக்கு அவை உரியன அல்ல. நெய்பவனும் மண் பிசைபவனும் செய்தவை கைத்தொழில் என்று தனியே ஒதுக்கி வைக்கப்பட்டன. அந்தக் கலைகளின் வழிவந்த பாடங்களைத்தான் இன்று அரசுக் கல்லூரியில் உழவர் மகனும் குயவர் மகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து பயில்கின்றனர். இதனை வகுப்பில் முதன்முதல் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

நான் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் விருத்தாசலம் வந்து வரலாறு படிப்பவன். விருத்தாசலமோ பீங்கான் ஊர். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் தொழிற்பேட்டையும் இங்கே உள்ளன. பியூஸ் கட்டை முதல் கொலு பொம்மை வரை இங்கே உருவாகின்றன. என் அக்காள் ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறார். அவர் ஊதியத்தில்தான் என் உடையும் தேர்வுக் கட்டணமும். ஆகவே, “பீங்கான் படிப்புப் படித்திருந்தால் இந்நேரம் ஒரு வேலை ஆகியிருக்குமே, மாப்பிள்ளை! ராஜாக்கள் கதையைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று மாமா கேட்கும்போது என்னால் சிரித்து மழுப்ப முடிவதில்லை. கேள்வி நியாயமானது. பட்டம் பெற்ற எல்லோர்க்கும் வேலை காத்துக் கிடக்கவில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

அவருக்கு விடை தேடியபோது எனக்கு அகப்பட்டவரும் ஒரு குயவரே. இங்கிலாந்தில் 1730இல் பிறந்த ஜோசையா வெட்ஜ்வுட், தந்தையை இழந்து ஒன்பது வயதிலேயே குடும்பத் தொழிலுக்கு வந்தவர். அம்மை நோயால் ஒரு முழங்கால் பழுதுபட்டது. காலால் சக்கரம் மிதிக்க இயலவில்லை. 1762இல் லிவர்பூலில் நோயுற்றுப் படுத்திருந்தபோது தாமஸ் பெண்ட்லி என்னும் வணிகரின் நட்பு வாய்த்தது. பெண்ட்லி பழைய இலக்கியமும் பிறநாட்டு மொழிகளும் கற்றவர். அந்த நட்பு குயவரின் பார்வையையே மாற்றிற்று. கிரேக்க, உரோமக் கலங்களின் வடிவங்களை அவர் ஆராய்ந்தார். வேதியியல் அறிஞர் பிரீஸ்ட்லியோடு பழகினார். களிமண் சுடும்போது சுருங்கும் அளவைக் கொண்டு சூளையின் வெப்பத்தை மதிப்பிடும் கருவி ஒன்றை அமைத்தார். அதற்காகவே 1783இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. இவையெல்லாம் தொழிலுக்குப் பயன்பட்டவை என்று மாமா சொல்லக்கூடும். ஆனால் 1787இல் அவர் செய்வித்த ஒரு சிறு பதக்கம் உண்டு. விலங்கிடப்பட்ட கறுப்பு அடிமை ஒருவன் மண்டியிட்டு, தானும் மனிதன் அல்லனோ என்று கேட்கும் உருவம் அது. அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் அதனை அணிந்துகொண்டனர். எந்தச் சூளை நுட்பமும் அந்தப் பதக்கத்தைச் செய்யச் சொல்லியிராது. அதே நேரத்தில், சூளை நுட்பம் இல்லாமல் அது உருவாகியும் இராது. எனவே இரண்டில் எது உயர்ந்தது என்னும் பட்டிமன்றம் எனக்கு வேண்டாம்.

இங்கிலாந்து தொலைவில் உள்ளது. அரிக்கமேடு நமக்கு அருகில், புதுச்சேரியை அடுத்து உள்ளது. அங்கே 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலியில் செய்யப்பட்ட சிவப்பு மெருகுக் கலங்களின் உடைந்த ஓடுகளைக் கொண்டு அவ்வூரின் காலத்தைக் கணித்தார். தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்கே கிடைத்தன. இதைப் படித்தபின், தொழிற்பேட்டைச் சாலையோரம் குவிந்து கிடக்கும் உடைசல்கள் எனக்குக் குப்பையாகத் தோன்றவில்லை. அக்காள் ‘சைனா களிமண்’ என்று சொல்லும் வெள்ளை மண்ணுக்குரிய ‘கயோலின்’ என்ற பெயர் சீனத்தில் ஒரு மேட்டூரின் பெயரிலிருந்து வந்தது என்று சொன்னேன். “அப்படியா! எங்கள் முதலாளிக்கே தெரியாதே” என்று அக்காள் மகிழ்ந்தார். மறுநாள் கம்பெனியில் எல்லோரிடமும் அதைச் சொன்னாராம்.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒரு சொல். பூவராக சுவாமி கோயிலின் புருஷசூக்த மண்டபத் தூண்களில் சாய்ந்து விளையாடியவன் நான். அங்கே நிற்கும் நாயக்கர் காலத்து உருவங்களின் ஆடை அணிகளை நான் நின்று பார்த்தது கல்லூரியில் சேர்ந்த பின்னரே. மாசி மகத்தன்று எங்கள் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். வழியில் தர்காவின் முன் இஸ்லாமியப் பெருமக்கள் மாலையோடு வரவேற்பர். சிறுவயதில் அது எனக்குத் திருவிழாக் கூட்டம், அவ்வளவே. இன்று அதில் கேள்விகள் எழுகின்றன: இவ்வழக்கம் எப்படித் தொடங்கிற்று? இதற்கு நிலம் விட்டவர் யார்? ஊர்ப் பகைகள் வந்த காலங்களிலும் இது எவ்வாறு அறுபடாமல் வந்தது? இரு தரத்துப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

கலைக் கல்லூரியில் சேர்ந்தாலே பார்வை விரிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் நோட்ஸ் வாங்கி ஐந்து வினாக்களை மனப்பாடம் செய்பவருக்கு அரிக்கமேடும் ஐந்து மதிப்பெண்தான். அவரிடம் மாமா கேட்டால் விடை இராது.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நமது வரலாற்று மாணவரும் வேதியியல் மாணவரும் ஒரே நாளில், ஒன்றாக, தொழிற்பேட்டைச் சூளைகளைப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். பீங்கான் நிறுவன மாணவர்களை நம் கல்லூரிக்கு ஒருநாள் அழைத்து, பானை ஓடுகளைப் பற்றி நாமும், சூட்டைப் பற்றி அவர்களும் பேசலாம். வருவதாக இருந்தால் சூளைக் கூடத்தைச் சுற்றிக் காட்டத் தம் மேற்பார்வையாளரிடம் கேட்டு வைப்பதாக அக்காள் சொல்லியிருக்கிறார். உணவு இடைவேளைக்கு முன் வர வேண்டுமாம். அதன்பின் சூளை வாயை அடைத்துவிடுவார்களாம்.