கறிக்குழம்பைத் தள்ளி வைத்தவனுக்கு

அன்புள்ள செல்வத்துக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கோயில் கொடை முடிந்த மறுநாள் பந்தியில் உனக்கு எதிர் இலையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயை நறுக் நறுக்கென்று கடிக்கிற பயல் நீ. அன்றைக்குக் கறிக்குழம்பை ஒதுக்கிவிட்டுத் தயிர் கேட்டாய். லட்டை அப்படியே வாயில் போடாமல் பிட்டுப் பிட்டுத் தின்றாய். "திருப்பூர் போய் நாகரிகம் வந்துட்டு" என்று உன் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவில் நர்ஸாக இருந்தவள் நான். காரம் எரிவதும் வாய் திறக்காததும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் சட்டைப் பையைத்தான் பார்ப்பேன். உன் பையில் பாக்குப் பொட்டலம் இருந்தது.

இப்போதே ஒன்று செய். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து நிறுத்திவைத்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பார். உன் விரல், உன் வாய். மூன்றும் நுழைய வேண்டும். இரண்டோடு நின்றால் கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுக ஆரம்பித்திருக்கலாம். பாக்கில் இருக்கிற அரெக்கோலின் செய்கிற வேலை அது. டாக்டர்கள் 'சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்' என்பார்கள். அது புற்றுநோய் இல்லை. ஆனால் அது வந்தவர்களில் சிலருக்குப் பின்னால் புற்றுநோய் வருகிறது. இறுகினது பழையபடி முழுசாக இளகுவதுமில்லை. அதனால் பாக்கை இன்றைக்கு நிறுத்துவதும் அடுத்த வருஷம் நிறுத்துவதும் ஒன்றல்ல.

"புகையிலை இல்லை அத்தை, வெறும் பாக்குதான்" என்பாய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் அறிக்கை வெளியிட்டுவிட்டது. தாம்பூலத் தட்டில் வைக்கிற பொருளைக் குறை சொல்ல எனக்கும் நாக்கு வரவில்லைதான். ஆனால் கல்யாண வீட்டில் ஒரு தரம் போடுகிறவனும், ஷிப்ட் முழுக்கத் தூக்கம் வராமலிருக்கக் கன்னத்தில் அடக்கி வைக்கிறவனும் ஒன்றா? 2013இல் நம் மாநிலத்தில் குட்காவுக்குத் தடை வந்தபோது, பாக்கை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை இன்னொரு பொட்டலத்திலும் போட்டு விற்றார்கள். கலக்கிற வேலை மட்டும் வாங்குகிறவன் தலையில். நீயும் கலக்கிறாயா என்று கேட்க மாட்டேன். கலந்தால், புகையிலையை விட உதவுகிற இலவச எண் 1800-11-2356. கூப்பிடு.

ஒரு லாரி டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். கையை எடுத்ததும் வீசிய நாற்றத்தில் பயிற்சிக்கு வந்திருந்த பெண் வெளியே ஓடிவிட்டாள். எட்டு மாதத்துக்கு முன்பே கன்னத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளையாக இருந்ததாம். வலிக்கவில்லையாம். பிறகு புண்ணாயிற்று. சூடு என்று மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால். அது ஆறாததற்கு மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ், தடவுவதற்கு ஒரு ஜெல். "வலிச்சிருந்தா அப்பவே வந்திருப்பேனே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன் தெரியுமா! வலிக்காமல் இருந்த அந்த எட்டு மாதம்தான் வைத்தியத்துக்கு வாய்ப்பான காலம். வலி வந்தபோது நோய் தாடை எலும்புக்குப் போயிருந்தது.

மணத்தக்காளி மேல் எனக்குக் கோபமில்லை. சாதாரணப் புண் அது சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணுக்குக் கீரையும் வேண்டாம், ஜெல்லும் வேண்டாம், டாக்டர்தான். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டும் அப்படித்தான். வெல்வெட் துணி மாதிரி சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தால் அது வெள்ளையைவிட மோசம், ஒரு வாரம்கூடத் தள்ளாதே. பாக்கை எந்தப் பக்கம் அடக்குகிறாயோ அந்தப் பக்கக் கடைவாய்ப் பள்ளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு போன் டார்ச்சை அடி. நாக்கைத் துணியால் பிடித்து இரண்டு ஓரத்தையும், தூக்கி அடிப்பக்கத்தையும் பார். உதட்டைப் பிதுக்கு. கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்.

டார்ச்சால் என்ன தெரிந்துவிடும் என்று நினைக்காதே. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கி இதைச் சோதித்தே பார்த்தார்கள். டாக்டர்கள்கூட இல்லை, பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். 2005இல் முடிவு வெளியானது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில், அப்படிப் பார்க்கப்பட்ட ஊர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மற்ற ஊர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. குடலுக்குள்ளோ ஈரலுக்குள்ளோ வருவதை இப்படி எட்டிப் பார்க்க முடியுமா?

கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், வாய் திறக்காதது ஒன்றே போதும். வீடு தேடி வருவார்கள் என்று இருக்காதே. இருபத்துநாலு வயதுதானே என்றும் தள்ளிப் போடாதே. டாக்டர் துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பலாம். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். "கத்தி பட்டா பரவிரும்" என்று உன் ரூமில் எவனாவது சொல்வான். அந்தப் பேச்சுக்குப் பயந்து திரும்பிப்போன ஆட்கள் மறுபடி வந்த கோலத்தை நான் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். ஒன்பது மணிக்கு ஓ.பி. சீட்டு போட வேண்டும், லீவு சொல்லிவிடு. விரல் எத்தனை நுழைந்தது என்று இன்று ராத்திரி எனக்குப் போன் பண்ணு. உன் அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய் வரைக்கும் சொல்லவும் மாட்டேன்.

அன்புடன்,
அத்தை