வீட்டுக்குள்ள மிளகாய் நாற்று: வெளிச்சம் தாராளம், உரம் சிக்கனம்!

தங்கச்சி, பால்கனியில போடற மிளகாய் விதை ஒண்ணு மழையில அழுகிப்போகுது, இல்லன்னா நாலு இலை விட்டதும் சுருண்டுக்குதுன்னு ஒவ்வொரு வருஷமும் புலம்பறே. இந்தத் தடவை முதல் 40 நாள் நாற்றை வெளியிலேயே விடாதே. வீட்டுக்குள்ள, மண்ணில்லாம, தண்ணியில வளர்த்துடு. இலைச்சுருட்டு வைரஸை செடிக்குச் செடி பரப்பறது வெள்ளை ஈதான். நாற்றுலயே அந்த வைரஸ் தொத்திக்கிட்டா அப்புறம் அந்தச் செடி தேறாது. கதவு, ஜன்னலுக்கு உள்ள இருக்கற நாற்றுக்கு அந்தப் பயம் ரொம்பக் குறைவு.

அதுக்காக ஆயிரக்கணக்குல செலவு பண்ணி செட் எதுவும் வாங்க வேண்டாம். ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ: வெளிச்சத்துல கஞ்சத்தனம் கூடாது, உரத்துல தாராளம் கூடாது. நிறைய பேர் இதைத் தலைகீழா செஞ்சுட்டுதான் விதையைத் திட்டறாங்க.

எப்போ, எந்த ரகம்?

ஐப்பசியில விதை போடு. வெளியில அடைமழை கொட்டட்டும், உன் நாற்று உள்ள பத்திரமா இருக்கும். கார்த்திகை கடைசியில மழை ஓயறப்போ பால்கனிக்குப் போகலாம். தை, மாசியில பூ பிடிக்கும். சித்திரை வெயில்ல பூ எடுத்தா பாதிக்கு மேல கொட்டிடும்.

சம்பா, குண்டு, பஜ்ஜி மிளகாய் எல்லாம் நம்ம ஊருக்குத் தோதானது. காந்தாரி முளைக்கவே நாளாகும், பொறுமை வேணும். குடைமிளகாய் மேல ஆசைப்படாதே. சென்னையில ராத்திரியும் சூடு இறங்காததால பூ நிக்காது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்க தாராளமா போடலாம்.

விதையும் கோகோபீட்டும்

பாக்கெட் விதை சிவப்பா, நீலமா சாயம் பூசின மாதிரி இருந்தா அது பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்தது. வெறுங்கையால தொடாதே, பிள்ளைங்க கைக்கு எட்டாம வை. அதை ஊற வைக்காம நேரா போடலாம். மருந்து கலக்காத விதைன்னா ராத்திரி ஊறப்போட்டு காலையில போடு. அஞ்சறைப்பெட்டி வரமிளகாய் விதையும் முளைக்கும்தான். ஆனா அதோட தாய்ச்செடி ஹைபிரிட்டா இருந்தா, காய் அதே மாதிரி வரும்னு சொல்ல முடியாது.

கோகோபீட்ல உப்பு இருக்கும். ஊறவச்சு, பிழிஞ்சு, மறுபடி ஊறவச்சு, டீ நிறத்துல இறங்கற தண்ணி வெளுக்கற வரைக்கும் அலசு. கடைசியா ஒரு பிடி எடுத்து அழுத்தினா ரெண்டு சொட்டு விழணும், ஒழுகக் கூடாது. அதை 2 இன்ச் நெட் பாட்ல (வலை மாதிரி ஓட்டை இருக்கற சின்னத் தொட்டி) நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்துல ரெண்டு விதை போட்டு, மேல ஒரு மூடி போட்டு வை. சூடு 25 முதல் 30 டிகிரி இருந்தா 7 முதல் 14 நாளுக்குள்ள முளைச்சிடும். ஏசி ரூம்ல வைக்காதே. ரெண்டும் முளைச்சா மெலிஞ்சதைக் கத்தரிக்கோலால வெட்டு. பிடுங்கினா பக்கத்து வேரும் கூட வந்துடும்.

முளை தெரிஞ்ச அன்னிக்கே லைட்

முளை கொக்கி மாதிரி வளைஞ்சு மேல வரும். அது கண்ணுல பட்ட அன்னிக்கே மூடியை எடுத்துட்டு லைட்டுக்கு அடியில கொண்டுபோய் வச்சிடு. ரெண்டு நாள் தள்ளிப்போட்டா தண்டு நூலா நீண்டு சாஞ்சிடும். ஜன்னலோரம் போதும்னு நினைக்காதே, மழைக்கால வெளிச்சம் பத்தாது.

எலக்ட்ரிக்கல் கடையில கிடைக்கற 20 வாட் வெள்ளை எல்இடி டியூப்பே போதும். நாற்றோட நுனியிலிருந்து 15, 20 சென்டிமீட்டர் உயரத்துல தொங்கவிடு. செடி வளர வளர டியூப்பை ஏத்திக்கிட்டே போ. ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும். ராத்திரி கட்டாயம் அணைக்கணும், அதுக்கு ஒரு டைமர் பிளக் வாங்கிக்கோ. கரன்ட் பில்லை நினைச்சுப் பயப்படாதே, 15 மணி நேரம் எரிஞ்சாலும் மாசத்துக்கு 9 யூனிட்தான். ஃபேன் காத்து லேசா பட்டு இலை அசைஞ்சுக்கிட்டே இருந்தா தண்டு தடிக்கும்.

உரத்தண்ணி எப்போ, எவ்வளவு?

முதல்ல விரியற ரெண்டும் விதையிலை. அதுக்கான சாப்பாடு விதைக்குள்ளயே இருக்கு, அதனால வெறும் தண்ணி போதும். அதுக்கு நடுவுல நிஜ இலை ஒரு ஜோடி வந்த பிறகுதான் உரம்.

இப்படி மண்ணில்லாம வளர்க்கற ஹைட்ரோபோனிக்ஸுக்குன்னு ஏ, பி-ன்னு ரெண்டு பாட்டிலா விப்பாங்க. ரெண்டையும் நேரடியா ஒண்ணா ஊத்திடாதே. ஒண்ணுல இருக்கற கால்சியம், இன்னொண்ணுல இருக்கற சல்பேட், பாஸ்பேட்டோட சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி அடியில தங்கிடும், செடிக்குக் கிடைக்காது. பக்கெட் நிறைய தண்ணியில முதல்ல ஏ-வைக் கலக்கி, அப்புறம் பி-யை ஊத்து. 19:19:19 உரம் இருக்கே, அதைப் போடலாமான்னு கேப்பே. அதுல கால்சியமும் இல்லை, மக்னீசியமும் இல்லை. மண்ணுல சமாளிச்சுக்கும், தண்ணியில அதை மட்டும் நம்ப முடியாது.

தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கிடு. சாதாரண மீட்டர்ல, நாற்றுக்கு ஆரம்பத்துல 400 முதல் 500 காட்டினா போதும். ஆறு இலை வந்ததும் 600, 700 வரைக்கும் போகலாம். உங்க ஃப்ளாட் போர் தண்ணியே 800 காட்டுதுன்னா அதுல உரம் கலக்கறதே வீண். ஆர்ஓ தண்ணியில கலக்கு. பிஎச் 5.5-லிருந்து 6.5-க்குள்ள இருக்கணும். சொட்டு விட்டு நிறம் பாக்கற கிட்டே போதும். கூடினா பிஎச் டவுன் கரைசல் சில சொட்டு விடு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா ரெண்டு நாள்ல பழையபடி ஏறிடும்.

மோட்டார் இல்லாத டப்பா

ஹவாய் பல்கலைக்கழகத்துல இருந்த பெர்னார்ட் கிராட்கியோட முறை இது. பம்பும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம். ரெண்டு லிட்டர் ஐஸ்க்ரீம் டப்பா மூடியில ஓட்டை போட்டு நெட் பாட்டை உக்கார வை. தொடக்கத்துல தண்ணி பாட்டோட அடியைத் தொட்டா போதும். தண்ணி குறையக் குறைய வேர் கீழ தேடிப் போகும். மேல காத்துல நிக்கற வேர் செடிக்கு மூச்சு விடும். அதனால டப்பா காலியாகுதேன்னு மறுபடியும் விளிம்பு வரைக்கும் ரொப்பிடாதே, காத்து வேர் மூழ்கி மூச்சு முட்டிடும். மறுபடி ஊத்தினாலும் பாதி அளவுக்கு மேல போகவே கூடாது.

டப்பாக்குள்ள வெளிச்சம் போனா பாசி பிடிக்கும். கறுப்புப் பேப்பர் சுத்தி, மேல ஒரு வெள்ளைப் பேப்பர் ஒட்டு. ஓட்டையில இடுக்கு இருந்தா டெங்கு கொசு முட்டை போட்டுடும். நெட் பாட் இறுக்கமா உக்காரணும், மிச்ச இடுக்கை டேப் போட்டு அடைச்சிடு.

செடி சொல்றதைக் கவனி

வாரம் ஒரு தடவை மூடியோட தூக்கி வேரைப் பாரு. வெள்ளையா இருந்தா நல்லது. பழுப்பாகி, வழவழன்னு, நாத்தமடிச்சா அழுகல். டப்பாவைக் கழுவிப் புதுக் கரைசல் ஊத்து, சூடில்லாத இடத்துக்கு மாத்து.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா, உடனே உரத்தை ஏத்தாதே, முதல்ல பிஎச் பாரு. அது கூடினா இரும்புச்சத்து இருந்தும் வேரால எடுக்க முடியாது. இலை நுனி கருகினா உரம் அதிகம், வெறும் தண்ணி சேர்த்து நீர்க்கப் பண்ணு.

இலை ஓரம் மேல் பக்கமா மடங்கினா இலைப்பேன், கீழ் பக்கமா மடங்கினா சிலந்திப்பேன். போன் கேமராவை ஜூம் பண்ணி இலைக்கு அடியில பாரு. லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, லைட் அணைச்ச பிறகு அடிக்கலாம்.

வெளியே அனுப்பற நேரம்

ஆறேழு இலை வந்ததும் பழக்கு. முதல் நாள் காலை வெயில்ல ஒரு மணி நேரம், அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, ஒரு வாரம், பத்து நாள்ல முழுசா வெளியே விடு. க்ரோ பேக்ல மண்ணுக்கு மாத்தறதா இருந்தா வேர் ரொம்ப நீளறதுக்கு முன்னாடியே மாத்து. தண்ணியில வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழக நாலைஞ்சு நாளாகும். அதுவரைக்கும் நிழல்ல வச்சு ஈரம் காயாம பாத்துக்கோ. காய் பிடிக்கணும்னா அப்புறம் தினமும் 5, 6 மணி நேர வெயில் கட்டாயம். பால்கனியில எந்த மூலையில அது விழுதுன்னு இப்பவே பாத்து வை.

நாலு பேர் இருக்கற வீட்டுக்கு நாலு செடி தாராளம். எட்டு விதை போட்டு, நல்லதா நாலை வச்சுக்கோ, மிச்சத்தைப் பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கொடு. மிஞ்சின உரத்தண்ணியை சாக்கடையில கொட்டாம, ரெண்டு பங்கு தண்ணி சேர்த்துக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊத்து. டிடிஎஸ் மீட்டரை மட்டும் இந்த வாரமே வாங்கி உங்க வீட்டுத் தண்ணி எவ்வளவு காட்டுதுன்னு சொல்லு. உரத்தை எப்படிக் கலக்கணும்னு கணக்குப் போட்டுத் தரேன்.